பத்தியத்தில் இருந்தவளுக்குச் சொல்லாத செய்தி

மருந்துக் குடிநீர் வடித்துக்கொண்டிருந்தபோதுதான் சட்டைப்பையில் இருந்த போன் அடித்தது. காலை ஏழரை இருக்கும். என் இடது கையில் வடிகட்டும் துணி, வலது கையில் கொதிக்கக் கொதிக்க மண்சட்டி. மனைவி ரஞ்சி கிணற்றடியில் கதிரை போட்டு, எண்ணெய் பூசிய இரண்டு கைகளையும் இளவெயிலுக்கு நீட்டிக்கொண்டு இருந்தாள்.

சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். கனடா நம்பர்.

"மாஸ்ரர், நான் கதைக்கிறன்."

பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. ஒன்பது வருடமாகக் கேட்காவிட்டாலும் ரஞ்சியின் அண்ணன் குரலை நான் மறக்கவில்லை. முன்பெல்லாம் அவர் புத்தூரில் கதைத்தால் அடுத்த தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான். அன்றைக்குப் போனைக் காதோடு அமத்திப் பிடித்தும் பாதிதான் கேட்டது.

"ரஞ்சியோடை ஒருக்காக் கதைக்கவேணும். அவளிட்டைக் குடுக்கிறியளோ?"

நான் கிணற்றடியைப் பார்த்தேன். பதினைந்து அடி தூரம்கூட இல்லை. பத்தியம் தொடங்கி அன்றைக்கு இருபத்தோராம் நாள். அவளுடைய பெருவிரல் இடுக்கில் இருந்த வெடிப்பு இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அன்று காலைதான் மூடியிருந்தது.

"அவ நித்திரை," என்றேன்.

மறுபக்கத்தில் அவர் இருமினார்.

"ரஞ்சியோ? ஏழரைக்கோ? அவள் நாலு மணிக்கு எழும்புறவள் எல்லே." பிறகு அவரே, "சரி, சரி. நித்திரை கொள்ளட்டும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியவை ஆய்வுகூடத்துத் திரைச்சீலையில் தீப்பற்றிய கதை, அதிபரின் சைக்கிளை ஆடு தின்ற கதை என்று, பெரும்பாலும் என்னைப் பார்த்து நானே சிரித்தவை. இதையும் அப்படி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுதச் சிரிப்பு வரவில்லை. இதில் எது மருந்து, எது நோய் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

தேங்காய்ப்பூப் பிழிய முடியாத கை

ரஞ்சிக்கு வந்தது கரப்பன். முதலில் சின்ன விரலில் ஒரு சொறி. சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சவர்க்காரத்தை மாற்றினோம். பிறகு உள்ளங்கை வெடித்தது. அதற்கும் பிறகு இரண்டு கையும்.

ஆசுபத்திரியில் கிறீம் தந்தார்கள். பூசினால் போகும், விட்டால் வரும். போனது போன வேகத்தில் திரும்பி வரும்போது இன்னும் இரண்டு விரலைக் கூட்டிக்கொண்டு வரும்.

கோப்பாயில் இருந்துகொண்டு வெங்காயம் உரிக்க முடியாத கையை வைத்திருப்பது சின்ன விசயம் இல்லை. தேங்காய்ப்பூப் பிழிய முடியாது. மிளகாய்த் தூள் தொட முடியாது. நான்தான் பிழிந்தேன், நான்தான் உரித்தேன். என் சொதியை அவள் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டாள். அதுவே அவள் எவ்வளவு சோர்ந்து போயிருந்தாள் என்பதற்குச் சாட்சி.

ஒருநாள் கோயிலில் பூத்தட்டை நீட்டியபோது பக்கத்தில் நின்ற பெண்ணொருத்தி தன் கையை இழுத்துக்கொண்டு, "தொத்துமோ அக்கா?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து ரஞ்சி வெளியில் போனால் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டுதான் நிற்பாள்.

எங்கள் வீட்டில் இரண்டு இலாகா

நான் பண்டத்தரிப்பில் ஒரு மிசன் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் உடம்பு டொக்டருடையது, ஆத்துமா போதகருடையது. ஒருவர் இலாகாவில் மற்றவர் தலையிடக் கூடாது. வயிற்று வலி என்று அம்மாவிடம் போனால் மிக்சர் மருந்து. பொய் சொல்லிப் பிடிபட்டால் சங்கீதம் ஒன்று மனப்பாடம். பொய் சொன்னதால் வயிறு வலிக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு நான் இரசாயனவியல் படித்தேன், முப்பத்தொரு வருடம் படிப்பித்தேன். இலாகாப் பிரிவு இன்னும் இறுகிப்போய்விட்டது.

ரஞ்சி புத்தூர்க்காரி, சைவக் குடும்பம். அவர்கள் வீட்டில் ஒரே ஒரு பரியாரியார்தான், இரண்டு இலாகாவும் அவர் கையில். அவளுடைய ஐயாவுக்கு ஒருமுறை முழங்கால் வீங்கிவிட்டதாம். பரியாரியார் வந்து நாடி பார்த்தார், வீக்கத்தை அமத்திப் பார்த்தார், பிறகு கேட்டாராம்: "உந்த வேலி வழக்கு முடிஞ்சுதோ?"

பக்கத்துக் காணிக்காரரோடு ஒரு முழ வேலிக்கு நாலு வருட வழக்கு. முடியவில்லை என்றார் ஐயா. "அப்ப எண்ணெயைப் பூசும். வழக்கு முடிய மிச்ச வீக்கம் மாறும்," என்றாராம் பரியாரியார்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆசிரியர் அறையில், கலியாண வீடுகளில், ரஞ்சிக்கு முன்னாலேயே. வேலி வழக்குக்கும் முழங்காலுக்கும் சமன்பாடு எழுது பார்ப்போம் என்று கேட்பேன். அவள், "மாறினது மாறினதுதானே," என்பாள்.

அது குளுக்கோசு எண்டு தெரியும் சேர்

கடைசியில் தமிழ் மருந்துக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான். ரஞ்சியே ஆச்சரியப்பட்டாள். நம்பிக்கை வந்து சொல்லவில்லை. செய்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.

வாசல் பலகையில் ஆயுர்வேதம் என்று இருந்தது. உள்ளே இருந்த டொக்டர் படித்தது சித்தம் என்றார். வரிசையில் நின்ற சனம் இரண்டையும் சொல்லாமல் தமிழ் மருந்து என்றது. எனக்கு அங்கேயே தலை சுற்றத் தொடங்கிவிட்டது.

டொக்டர் என்னைக் கண்டதும் எழும்பி நின்றார். "சேர், என்னைத் தெரியேல்லையோ?"

தெரிந்தது. உயர்தரத்தில் என்னிடம் படித்த பெண் பிள்ளை. செய்முறைப் பரீட்சைக்கு முதல்நாள் தொடங்கி வாந்தி எடுக்கும். ஒன்றும் உள்ளே தங்காது. நான் ஒருநாள் கடதாசியில் கொஞ்சம் குளுக்கோசைச் சுற்றி, "இது விசேட மருந்து பிள்ளை, பரீட்சைக்கு அரை மணிக்கு முந்திக் குடியும்," என்று கொடுத்தேன். அதற்குப் பிறகு வாந்தி நின்றுவிட்டது. அதை நான் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த மருந்து ஞாபகமோ?" என்றேன்.

"அது குளுக்கோசு எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் சேர்."

"பேந்தேன் குடிச்சனீர்?"

"நீங்கள் தந்தபடியால்," என்று சிரித்துவிட்டு ரஞ்சியின் கையைப் பிடித்து நாடி பார்க்கத் தொடங்கினார்.

கரப்பனைப் பார்ப்பார் என்று நான் நினைக்க, அவர் கையைத் தவிர மற்றதெல்லாம் விசாரித்தார். எத்தனை மணிக்கு நித்திரை, இடையில் எழும்புவதா, பசி வந்து சாப்பிடுகிறாவா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாவா, கனவில் தண்ணீர் வருமா. பிறகு என் பக்கம் திரும்பி, "சேர், ஒரு அஞ்சு நிமிசம் வெளியிலை இருக்கிறியளோ?" என்றார். நான் வெளியில் வாங்குப் பலகையில் போய் இருந்தேன். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை.

திரும்பக் கூப்பிட்டுப் பத்தியம் சொன்னார். கத்தரிக்காய் இல்லை, தக்காளி இல்லை, அன்னாசி இல்லை, இறால், நண்டு, கருவாடு ஒன்றும் இல்லை. வேப்பம்பட்டையும் நன்னாரியும் போட்ட குடிநீர், அறுகம்புல் எண்ணெய், ஒரு சூரணம். நாற்பத்தெட்டு நாள்.

"சாப்பாட்டுக்கு மட்டும் பத்தியம் காணாது சேர். மனசுக்கும் வேணும். தின்னுறது செமிக்காட்டில் உடம்பிலை நிண்டு கெடுகுது எல்லே? கேக்கிற கதையும் அப்பிடித்தான். அன்ரியைக் கோவம் வரப் பண்ணாதேங்கோ, மனசைக் கலக்கிற ஒண்டும் வேண்டாம்."

அதை நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். கத்தரிக்காய்க்குக் கீழே, கருவாட்டுக்கு மேலே.

வீட்டுக்கு வந்து பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் நாற்பத்தெட்டு வரியில் அட்டவணை கீறினேன். நாள், சாப்பாடு, சொறிக்கடி எவ்வளவு, நித்திரை எவ்வளவு, மனநிலை. ரஞ்சி பார்த்துவிட்டு, "என்னை என்ன சோதனைக் குழாய்க்குள்ளையோ விட்டிருக்கிறியள்?" என்று கேட்டாள். ஆனால் அவளுக்கு உள்ளூரச் சந்தோசம். நான் ஒரு காரியத்தை இப்படிக் கவனமாக அவளுக்காகச் செய்து அவள் கண்டதில்லை.

வேதக்காரன்

அவளுடைய அண்ணனுக்கும் எங்களுக்கும் என்ன பகை என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள். அதில் குற்றமில்லை, நாங்களே சொல்வோம். சொல்கிறவர் வாயைப் பொறுத்தது. எங்கள் கலியாணத்துக்கு அண்ணன் வரவில்லை. வராததோடு சரி, பிறகு பிறகு கடிதம் போட்டார், போனில் கதைத்தார், ரஞ்சிக்கு ஒவ்வொரு வருடப்பிறப்புக்கும் சேலை அனுப்பினார். என்னோடு மட்டும் மாஸ்ரர் என்ற ஒரு சொல்லுக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. நானும் அதை ஒரு பொருட்டாக எடுக்காதது போல நடித்துக்கொண்டு காலத்தைக் கடத்தினேன்.

அந்தப் போன் வருவதற்கு ஒன்பது வருடத்துக்கு முந்தி அவர்களுடைய அம்மா செத்துப்போனா. அண்ணனால் வர முடியவில்லை. புத்தூர் வீட்டில் ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் கனடாவில் இருந்து கிரியையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். வாய்க்கரிசி போடும் நேரம் ரஞ்சி கையில் அரிசியை அள்ளினாள்.

"வேதக்காரனைக் கட்டினவள் போடத் தேவையில்லை," என்றது போன்.

முற்றம் நிறையச் சனம். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. ரஞ்சி அள்ளிய அரிசியைத் திரும்பச் சுளகிலேயே போட்டுவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை.

அன்றைக்கு விட்டுப்போன பேச்சு விட்டுப்போனதுதான்.

அரிசியைத் திருப்பிப் போட்ட கை ஏழு வருடம் கழித்து வெடிக்குமா என்று பிறகு நான் யோசித்திருக்கிறேன். இரசாயனவியலில் இவ்வளவு மெதுவான தாக்கம் கிடையாது. இரும்பு துருப்பிடிப்பது உண்டு. ஆனால் அவள் இரும்பு இல்லையே.

மூன்று தரம்

இருபத்தோராம் நாள் போனுக்குப் பிறகு நான் அட்டவணையில் மனநிலை என்ற இடத்தில் 'அமைதி' என்று எழுதினேன். அது அவளுடைய மனநிலை. என்னுடையதற்கு நான் கட்டம் போடவில்லை.

இருபத்துநாலாம் நாள் அண்ணனின் மகள் எடுத்தாள். அப்பாவுக்கு ஈரலில் வருத்தம், டொக்டர்மார் கையை விரித்துவிட்டார்கள், மாமியோடு கதைக்கவேணும் என்கிறார் என்றாள். நான் உண்மையைச் சொன்னேன். பாதி உண்மை. "மாமி மருந்திலை இருக்கிறா பிள்ளை. கடும் பத்தியம். மனசு கலங்கினால் திரும்ப வந்திடும். இன்னும் மூண்டு கிழமை பொறுக்கச் சொல்லும்."

சாகக்கிடக்கிற மனிதரைப் பொறுக்கச் சொன்னவன் நான்.

இருபத்தேழாம் நாள் அண்ணனே எடுத்தார். ரஞ்சி உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைய முடிகிறது என்ற சந்தோசத்தில் தேவாரம்கூட முணுமுணுத்தாள்.

"மச்சான்," என்றார்.

முப்பத்துநாலு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

"அவள் இண்டைக்கும் நித்திரையோ, மச்சான்?"

இதில்தான் எனக்கு நானே பிடிபடவில்லை. மச்சான் என்றதும் எனக்குள் ஒன்று இளகியது. அதைவிட வேகமாக இன்னொன்று எழும்பியது. முற்றம் நிறையச் சனத்துக்கு முன்னால் வேதக்காரன், சாகும்போது மச்சானோ என்று கேட்டது அது.

"ஓம்," என்றேன். அதைப் பத்தியத்துக்காகச் சொன்னேனா, அந்த முற்றத்துக்காகச் சொன்னேனா? இரண்டு வருடமாகிறது. எத்தனையோ தரம் என்னைப் பிடித்து வைத்துக் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு மறுமொழி வருகிறது.

"அப்ப நீங்கள் சொல்லிவிடுங்கோ. அண்டைக்கு அந்தக் கதை கதைச்சது நான்தான். ஆனால்..." என்றார். இருமல் பிடித்துக்கொண்டது. மகள் போனை வாங்கி, "மாமா, அப்பாவுக்கு ஏலாமல் கிடக்கு, பேந்து எடுக்கிறன்," என்றாள்.

அடுத்தநாள் வியாழக்கிழமை எடுத்தாள். "அப்பா மோசம் போயிட்டார் மாமா."

புத்தூர் முழுக்கப் பத்தியம் காத்தது

நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அன்றே புத்தூருக்குப் போனேன். ரஞ்சியின் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். சாவுச் செய்தி அவர்களுக்கு என்னை முந்திப் போயிருந்தது. "ரஞ்சிக்குச் சொல்லவேண்டாம், பத்தியத்திலை இருக்கிறா," என்றேன்.

ஒருவராவது என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவளுடைய ஒரே அண்ணன் எல்லே, உமக்கென்ன விசரோ என்று யாராவது கேட்டிருந்தால் நான் நேரே வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. "ஐயோ, பத்தியமோ? அப்ப சொல்லப்படாது," என்றார்கள். "எத்தினையாம் நாள்?" என்றார்கள். ஒரு வீட்டில், முட்டைக்கும் பத்தியமோ என்று விசாரித்தார்கள்.

புத்தூர்ச் சந்தியில் அண்ணனின் படத்தோடு கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தது. ரஞ்சியை அந்தப் பக்கம் போகவிடாமல் றோட்டுத் தூசி கைக்குக் கூடாது என்றேன். பேப்பரை நானே முதலில் வாங்கிப் படித்து, மரண அறிவித்தல் பக்கத்தை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். அவள் அந்தப் பக்கத்தை ஒருநாள் தேடினாள். கருவேப்பிலை கட்டிக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

எல்லாவற்றையும் அடைத்தேன். ஒன்றை மட்டும் நினைக்கவேயில்லை. அடுத்தநாள் வெள்ளிக்கிழமை ரஞ்சி தலை முழுகி, கையைத் தலைப்புக்குள் மறைக்காமல், பூத்தட்டோடு கோயிலுக்குப் போனாள். நான்தான் கோயில் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். சைவர்களுக்குச் சாவு வீட்டுத் துடக்கு என்று ஒன்று உண்டு, அது இருக்கும்போது கோயிலுக்குப் போகக் கூடாது, மணமுடித்துப் போன சகோதரிக்கும் மூன்று நாள் உண்டு என்பதெல்லாம் முப்பத்துநாலு வருடம் ஒரு சைவப் பெண்ணோடு வாழ்ந்தவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியும். அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

அவள் கை நாளுக்கு நாள் மாறிக்கொண்டு வந்தது. எனக்கு வயிறு எரியத் தொடங்கியது.

முப்பத்தைந்தாம் நாள் டொக்டரிடம் போனபோது என் வயிற்றையும் சொன்னேன். நாடியைப் பிடித்துக்கொண்டு, "சேர், சொல்லாமல் வைச்சிருக்கிறது ஏதும் இருக்கோ?" என்றார். நான் ஒண்டுமில்லை என்றேன். ரஞ்சி மருந்து எடுக்கப் போன இடைவெளியில் மெல்லக் கேட்டேன்.

"பத்தியத்திலை இருக்கிற ஆளுக்கு ஒரு கெட்ட செய்தி சொல்லலாமோ?"

"என்ன செய்தி சேர்?"

"சும்மா கேட்டன்."

அவர் என் கையை விட்டார். "கோவம் வரப் பண்ணாதேங்கோ எண்டு சொன்னனான் சேர். அழவிடாதேங்கோ எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லையே."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அட்டவணையில் இன்னும் பதின்மூன்று வரி இருந்தது. அதை நிரப்பிவிட்டுச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். படித்த முட்டாள் என்று ஊரில் சொல்வார்கள், அந்தப் பட்டம் எனக்குச் சரியாகப் பொருந்தும்.

நாற்பத்தொன்பதாம் நாள்

அன்று காலை ரஞ்சி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கை பிள்ளையின் கை மாதிரி இருந்தது. "இஞ்சரும், ஒரு விசயம்," என்று பக்கத்தில் இருந்து சொன்னேன்.

கத்தியை வைத்தாள். முதலில் கேட்டது, "எப்ப?"

"மூண்டு கிழமை. வியாழக்கிழமை."

"அப்ப மற்றநாள் வெள்ளி." விரல் மடித்து எண்ணினாள். "நான் கோயிலுக்குப் போனனான்."

"ஓம்."

"நீங்கள்தானே கொண்டுபோய் விட்டனீங்கள்."

"ஓம்."

"என்னோடை கதைக்கவேணும் எண்டு கேட்டவரோ?"

"ஓம்."

"எத்தினை தரம்?"

"மூண்டு."

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெட்டிய கத்தரிக்காய் சட்டியில் கறுத்துக்கொண்டு கிடந்தது.

"டொக்டர் பிள்ளை அண்டைக்கு உங்களை வெளியிலை இருத்திப்போட்டு என்னட்டை என்ன சொன்னவ தெரியுமோ? அண்ணையோடை ஒருக்காக் கதையுங்கோ அன்ரி, அதுவும் மருந்துதான் எண்டவ. நான்தான், கை மாறட்டும், மாறின கையை அவருக்குக் காட்டிக் கதைப்பம் எண்டு வைச்சிருந்தனான்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"உங்களுக்குக் கோவம் வருமெண்டு. உங்களுக்குப் பிறசர் எல்லே."

நான் அவளுக்குப் பத்தியம் காத்தேன். அவள் எனக்குப் பத்தியம் காத்தாள். கனடாவில் ஒரு மனிதர் போனை வைத்துக்கொண்டு கிடந்தார்.

அன்றிலிருந்து மூன்று நாள் அவள் தனியாகத் துடக்குக் காத்தாள். முன் அறையில் பாயைப் போட்டுக்கொண்டாள், விளக்கு ஏற்றவில்லை. நான் காய்ச்சிக் கொடுத்ததைக் கொஞ்சம் சாப்பிட்டாள். என்னோடு கதைக்கவில்லை.

ஒவ்வொரு காலையும் நான் முதலில் பார்த்தது அவள் கையைத்தான். இவ்வளவு கலக்கத்துக்குப் பிறகு திரும்ப வெடிக்கவேண்டும். வெடிக்கவில்லை. நாலாம் நாள், அஞ்சாம் நாள், பத்தாம் நாள், ஒரு சொறிகூட இல்லை. ஒன்றை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன்: அது வெடிக்காதா என்று என் மனதின் ஒரு மூலை எதிர்பார்த்தது. வெடித்திருந்தால் நான் மறைத்தது சரி என்று ஆகியிருக்கும். அப்படி எதிர்பார்த்த மனிதனும் நான்தான், இரண்டு வருடம் அந்தக் கைக்காகத் தேங்காய்ப்பூப் பிழிந்தவனும் நான்தான்.

அப்படியானால் எது மாற்றியது? வேப்பம்பட்டையா, கத்தரிக்காய் தின்னாததா, கதைப்பேன் என்று அவள் மனதுக்குள் எடுத்த முடிவா? டொக்டரிடம் கேட்டேன். "எல்லாம்தான் சேர்," என்றார். பரீட்சையில் அந்த விடைக்கு நான் புள்ளி போட்டிருக்கமாட்டேன்.

ஆனாலுக்குப் பிறகு

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கொஞ்ச நாளில், ஒரு பின்னேரம், ரஞ்சி இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு வந்து என் முன்னால் கதிரையைப் போட்டு இருந்தாள்.

"அண்ணை கடைசியா என்ன சொன்னவர்? சொன்னமாதிரியே சொல்லுங்கோ."

சொன்னேன். நித்திரையோ என்று கேட்டதை, மச்சான் என்று சொன்னதை, அந்தக் கதை கதைச்சது நான்தான் என்றதை. "ஆனால்" என்றதோடு நிறுத்தினேன்.

"ஆனாலுக்குப் பிறகு?"

"இருமல் பிடிச்சிட்டுது."

அன்றிரவு அவள் நன்றாக நித்திரை கொண்டாள். அடுத்த பின்னேரம் தேத்தண்ணியோடு திரும்ப வந்தாள். "இன்னொருக்காச் சொல்லுங்கோ." சொன்னேன். அதற்கு அடுத்தநாளும் வந்தாள். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் வந்து நின்றோம். ஒவ்வொரு நாளும் அவள், "ஆனாலுக்குப் பிறகு?" என்று கேட்டாள். அண்ணன் மகளிடமும் கேட்டுப் பார்த்தாள். அவள் பக்கத்தில் நின்றும் ஒன்றும் கேட்கவில்லையாம்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, நான் நிறுத்தவில்லை.

"அண்டைக்கு அந்தக் கதை கதைச்சது நான்தான். ஆனால், என்னை மன்னிச்சுக்கொள்ளச் சொல்லுங்கோ எண்டவர்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். நான் அவள் கண்ணைப் பார்க்காமல் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை அப்பிடிக் கதைக்கமாட்டார்," என்றாள். "மன்னிப்பெண்ட சொல்லு அவற்றை வாயிலை வராது. 'பிழை விட்டிட்டன்' எண்டுதான் சொல்லியிருப்பார்."

என்னைச் சோதிக்கிறாளா, என்னிடம் கேட்கிறாளா? நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

"ஓம்," என்றேன். "பிழை விட்டிட்டன் எண்டுதான் சொன்னவர்."

அவள் கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டாள்.

"வேறை என்ன சொன்னவர்?"